சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள்



இம்மாதம் நாம் பேசப்போவது, வீட்டுக் கூடத்தில் அமர்ந்து உரக்கப் படிக்கத் தயங்கும் ஒரு செய்தி. ஆயினும் படித்தே ஆகவேண்டிய செய்தி. ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்கிறதோ என்று ஐயம் கொண்ட ஒருவர் அதை உரிய இடத்தில் தெரிவித்தால், நாட்டின் சட்டம் அவருக்கு என்ன பாதுகாப்பு அளிக்கிறது? மார்க்கம் அவரை எங்கே நிறுத்துகிறது? இவ்விரண்டையும் தெளிவாக அறிந்துகொண்டால், நம்மில் பலருடைய வாயை அடைத்து வைத்திருக்கும் அச்சம் பெருமளவு விலகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, தன் உம்மாவிடம் சொல்லத் துணியாத ஒன்றை அடுத்த வீட்டு மாமியிடம் அரைகுறையாகச் சொல்லிவிடுகிறாள். சொல்லப்படும் பெயர், ஊரில் மதிப்போடு வாழும் ஒருவருடையது. ஒருவேளை அந்த வீட்டுக்கே நெருங்கிய உறவினராகவும் இருக்கலாம். அந்த மாமியின் உள்ளத்தில் அக்கணமே எத்தனை கேள்விகள் எழும்! 'பொய்யாக இருந்துவிட்டால் பாவம் நம் தலையில் அல்லவா விழும்? மானநஷ்ட வழக்குப் போட்டால் என்ன செய்வது? நாளைக்கு அந்தக் குமருப் பிள்ளையை யார் கட்டுவார்? அடுத்தவர் குறையை மறைப்பதுதானே மார்க்கம்?' இப்படி எண்ணி எண்ணியே நாட்கள் கழிந்துவிடும். அந்த நாட்களிலெல்லாம் அந்தக் குழந்தை எங்கே இருக்கும் என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்க்கத் தவறிவிடுகிறோம்.

'இதெல்லாம் எங்கோ நடப்பது' என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007ஆம் ஆண்டு ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. அவர்களுள் 53.22 விழுக்காட்டினர், ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தீங்குக்கு ஆளானதாகக் கூறினர். தீங்கு செய்தவர்களுள் பாதிப் பேர் அக்குழந்தைகளுக்குத் தெரிந்தவர்கள். அவர்களின் நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் இதை எவரிடமும் சொல்லவேயில்லை. ஆண் பிள்ளைகளும் இதில் விலக்கல்லர்.

சட்டம் சொல்வது என்ன?

'பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012' என்பதே, இன்று எல்லாரும் போக்சோ என்று அழைக்கும் சட்டத்தின் பெயர். 2012 நவம்பர் 14 அன்று இது நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிறையாத எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், இச்சட்டத்தின் பார்வையில் குழந்தையே.

இச்சட்டத்தின் 19ஆம் பிரிவு நம் ஒவ்வொருவரையும் நோக்கிப் பேசுகிறது. குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், அதைக் காவல் நிலையத்திலோ சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. பெற்றோர் மட்டும்தான் புகார் தரலாம் என்பதில்லை. ஆசிரியர், மருத்துவர், அண்டை வீட்டார், வழிப்போக்கர், ஏன், அந்தக் குழந்தையே கூடத் தெரிவிக்கலாம். சாட்சியத்தையும் ஆதாரத்தையும் திரட்டிக்கொண்டு வரவேண்டும் என்றும் சட்டம் கேட்கவில்லை. துப்பறிவது காவல்துறையின் வேலை. தெரிவிப்பது நம் வேலை.

அதே பிரிவின் ஏழாவது உட்பிரிவுதான் நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது. நல்லெண்ணத்துடன் இத்தகைய தகவலைத் தந்த எவர்மீதும் உரிமையியல் பொறுப்போ குற்றவியல் பொறுப்போ சாராது என்று அது உறுதி கூறுகிறது. அதாவது, உண்மையென்று நம்பி நீங்கள் தெரிவித்த செய்தி பின்னர் நிரூபணமாகாமல் போனாலும், அதைத் தெரிவித்ததற்காக உங்களிடம் இழப்பீடு கேட்கவோ உங்களைத் தண்டிக்கவோ இயலாது.

'நல்லெண்ணம்' என்ற சொல்லுக்கும் சட்டத்தில் பொருள் உண்டு. உரிய கவனமும் அக்கறையும் இன்றிச் செய்யப்படும் எதுவும் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டதாகாது என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் வரையறுத்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் அவ்வாறே கூறுகிறது. ஆகவே, நெஞ்சில் நேர்மையும் சொல்லில் நிதானமும் இருந்தால் போதும். குழந்தை சொன்னதைச் சொன்னபடியே சொல்லுங்கள். கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். கூட்டியும் குறைத்தும் சொல்லாதீர்கள்.

'பொய்ப் புகார் என்று நம்மையே உள்ளே தள்ளிவிட்டால்?' என்ற அச்சத்துக்கு 22ஆம் பிரிவில் விடை உள்ளது. பெரியவர் ஒருவர்மீது பொய்ப் புகார் தருவது எப்போது தண்டனைக்கு உரியதாகிறது? இழிவுபடுத்தவோ, பணம் பறிக்கவோ, மிரட்டவோ, பெயரைக் கெடுக்கவோ வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் அதைத் தந்தால்தான். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகிவிட்டார் என்பதனால் மட்டும் புகார் தந்தவர் பொய்யராகிவிடுவதில்லை. தவறாகச் சொல்லிவிட்டதென்றாலும் குழந்தைக்கு ஒருபோதும் தண்டனை கிடையாது.

மௌனத்துக்கும் தண்டனை உண்டு

பேசியவருக்குப் பாதுகாப்பு அளித்த சட்டம், பேசாதவரை விட்டுவிடவில்லை. நடந்த குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதவருக்கு 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தமக்குக் கீழே பணியாற்றுபவர் செய்த குற்றத்தை மறைத்தால், ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பள்ளித் தாளாளர், மதரஸா நிர்வாகி, அநாதை இல்லச் செயலாளர், விடுதிப் பொறுப்பாளர் ஆகியோர் இதைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம். 'நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும்' என்பது சட்டத்தின்முன் சாக்காகாது. வந்த தகவலைப் பதிவு செய்ய மறுக்கும் காவல் அதிகாரிக்கும் இதே 21ஆம் பிரிவு பொருந்தும்.

மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூர் மாவட்டத்தில், பள்ளி விடுதியொன்றில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்குக் கொடுமை இழைக்கப்பட்டது. அவர்களுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் ஒருவர், அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டார். அவர்மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ஏற்க மறுத்துவிட்டது. அறிந்தும் தெரிவிக்காதிருப்பது கடுமையான குற்றம் என்றும், உடனுக்குடன் தெரிவிப்பது இச்சட்டத்தின் நோக்கத்துக்கே இன்றியமையாதது என்றும் அது எடுத்துரைத்தது.

நம் மஹல்லாக்களில் வழக்கமாகக் கேட்கும் மற்றொரு குரல், 'ஜமாஅத்திலேயே பேசி முடித்துவிடலாம்' என்பது. குடும்பச் சச்சரவு, கொடுக்கல் வாங்கல் போன்றவற்றில் ஜமாஅத்தின் சமரசம் பெரும் நன்மை. ஆனால் இக்குற்றத்தில் சமரசத்துக்கு இடமேயில்லை. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர்மீது இத்தகைய வழக்கு எழுந்தபோது, அவரும் மாணவியின் தந்தையும் சமரசம் செய்துகொண்டனர். உயர் நீதிமன்றமும் வழக்கை ரத்து செய்தது. அந்தக் குடும்பத்தைச் சேராத ஊர்க்காரர்கள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றனர். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி, வழக்கு தொடர வழி செய்தது. ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமை, இரு குடும்பங்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ளும் தனிப்பட்ட விவகாரம் அன்று.

மார்க்கம் தடுக்கிறதா?

சட்டத்தைக் காட்டிலும் நம் மக்களை அதிகம் தடுத்து நிறுத்துவது மார்க்கத்தைப் பற்றிய ஓர் எண்ணமே. ஐயங்களில் பலவற்றைத் தவிர்க்கவும், துருவித் துருவி ஆராயாதிருக்கவும், புறம் பேசாதிருக்கவும் திருமறையின் 49ஆம் அத்தியாயம் நம்மைப் பணிக்கிறது. கற்புள்ள பெண்கள்மீது பழி சுமத்துவோரை 24ஆம் அத்தியாயம் கடுமையாகக் கண்டிக்கிறது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு. இவையெல்லாம் உண்மை, இவற்றை எவரும் இலேசாக எண்ணலாகாது.

ஆனால் இவை எதைத் தடுக்கின்றன என்று பாருங்கள். நாவை அவிழ்த்துவிட்டு ஒருவர் மானத்தைத் தெருவில் பரப்புவதைத் தடுக்கின்றன. அநீதிக்கு ஆளானவர், நீதி செய்யக் கூடியவரிடம் முறையிடுவதைத் தடுக்கவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில், ஒருவரைப் பற்றி அவர் இல்லாதபோது பேச அனுமதியுள்ள ஆறு சூழ்நிலைகளை விவரிக்கிறார்கள். அவற்றுள் முதலாவது, அநீதி இழைக்கப்பட்டவர் அதிகாரியிடமோ நீதிபதியிடமோ முறையிடுவது. இரண்டாவது, தீமையைத் தடுக்கும் ஆற்றல் உள்ளவரிடம் உதவி தேடுவது. குறையை மறைப்பது என்பது, ஒருவர் தமக்கும் தம் இறைவனுக்கும் இடையே செய்துகொண்ட பிழையைப் பற்றியது. பிறரை வதைக்கும் கையை மறைத்து வைப்பது, அந்தக் கைக்கு மேலும் வாய்ப்பளிப்பதாகும்.

அநீதி இழைப்பவனுக்கும் உதவுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, தோழர்கள் வியந்து விளக்கம் கேட்டனர். அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நபியவர்கள் விளக்கியதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்கு உரியது என்று திருமறை (2:283) எச்சரிக்கிறது. நமக்கோ, பெற்றோருக்கோ, நெருங்கிய உறவினருக்கோ பாதகமாயினும் நீதியில் நிலைத்து நிற்குமாறு (4:135) கட்டளையிடுகிறது.

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவுகூருங்கள். அவர்மீது பழி சுமத்தப்பட்டபோது, உண்மைக்கு வழிகாட்டியவர் யார்? பழி சுமத்திய அப்பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே! உறவுக்காக அவர் வாய்மூடி இருக்கவில்லை. ஊரெங்கும் பேசித் திரியவும் இல்லை. சட்டை முன்புறம் கிழிந்திருக்கிறதா, பின்புறம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். உரிய இடத்தில், உரிய முறையில், ஆதாரத்தின்மீது பேசினார். நிரபராதி ஒருவரின் தூய்மை அதனால்தான் வெளிப்பட்டது. முறையான விசாரணை, குற்றமற்றவருக்கும் பாதுகாப்பே என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

காவல் நிலையமும் வாட்ஸ்அப்பும்

இங்கேதான் மார்க்கமும் நாட்டின் சட்டமும் ஒரே கோட்டில் நிற்கின்றன. 19ஆம் பிரிவின் பாதுகாப்பு, காவல்துறைக்குத் தரும் தகவலுக்கு உரியது. தெருமுனையிலும், கல்யாண வீட்டிலும், வாட்ஸ்அப் குழுவிலும் பரப்பும் பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றை ஊடகங்களில் வெளியிடுவதை 23ஆம் பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. 'எச்சரிக்கைக்காகத்தான் அனுப்பினேன்' என்று ஒருவர் அனுப்பும் குரல்பதிவு, அந்தக் குழந்தையை இரண்டாம் முறை காயப்படுத்துவதாகும்.

சொல்ல வேண்டிய ஓரிடத்தில் சொல்லாமல், சொல்லக்கூடாத நூறு இடங்களில் சொல்வதே நம்மிடையே உள்ள பெரும் பிழை.

செய்ய வேண்டியவை

குழந்தை சொல்லத் தொடங்கினால் பொறுமையாகக் கேளுங்கள். பதறாதீர்கள்; திட்டாதீர்கள்; திரும்பத் திரும்பக் குடைந்து கேட்காதீர்கள். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தை சொன்ன சொற்களை, தேதியுடனும் நேரத்துடனும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அண்மையில் நடந்ததென்றால், உடையைத் துவைக்காமல் பத்திரப்படுத்துங்கள். குற்றம் சாட்டப்படுபவரிடம் நேரில் போய்ச் சண்டையிடாதீர்கள்.

பிறகு அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ, அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ செல்லுங்கள். நேரில் செல்லத் தயங்குபவர்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ எந்நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். அழைப்பவர் தம் பெயரைச் சொல்லியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அங்கே இல்லை. பாலியல் கொடுமைக்கு மட்டுமன்றி, அடித்து வதைத்தல், பட்டினி போடுதல், வேலைக்கு அமர்த்துதல் போன்ற கொடுமைகளுக்கும் இதே எண்ணை அழைக்கலாம்.

நீங்கள் தரும் தகவலுக்குக் காவல்துறையினர் பதிவெண் இட்டு எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அவர்கள் அறிவிக்க வேண்டும். குழந்தையைக் காவல் நிலையத்துக்கு இழுத்தடிப்பார்களோ என்று அஞ்ச வேண்டாம். குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி வாக்குமூலம் பெறவேண்டும். இயன்றவரை அவர் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண்ணாக இருக்க வேண்டும். பெற்றோரோ, குழந்தை நம்பும் ஒருவரோ அருகில் இருப்பர். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சிறுமியைப் பரிசோதிப்பவர் பெண் மருத்துவராகவே இருக்க வேண்டும். விசாரணை மூடிய அறையில் நடைபெறும்.

சட்டம் எட்டாத இடம்

உண்மையை மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். தகவல் தந்தவரின் பெயர் என்றென்றும் வெளிவராது என்று இச்சட்டம் உறுதி கூறவில்லை. அவர் சாட்சியாக அழைக்கப்படவும் கூடும். மிரட்டல் வந்தால் என்ன செய்வது? 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்து, அதை நாடு முழுவதும் சட்டம் போல் பின்பற்றுமாறு உத்தரவிட்டது. சிறுமி ஒருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றிய வழக்கில் சாட்சிகள் தாக்கப்பட்டதே, இது தொடர்பான மனுவுக்குக் காரணமாயிற்று. கடுங்குற்ற வழக்குகளில் சாட்சி சொல்ல வருவோர், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் இத்திட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கோரலாம். ஒவ்வொரு மாநிலமும் இத்தகைய திட்டத்தை வகுக்க வேண்டும் என்று, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் கூறுகிறது.

இருப்பினும், நீதிமன்றத்தால் தர முடியாத பாதுகாப்பு ஒன்று உண்டு. புகார் தந்த உஸ்தாதை மறுமாதமே வேலையைவிட்டு நீக்கினால், அதைத் தடுக்கப் போக்சோ சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. புகார் தந்த பெண்ணின் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வருவதை ஊரார் நிறுத்திக்கொண்டால், எந்த நீதிபதி வந்து கேட்கப் போகிறார்? சட்டம் எட்டாத இந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் நாம்தாம்.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மஹல்லாவில் ஒரு குழந்தைக்காக வாய்திறந்தவரைத் தனிமைப்படுத்த விடமாட்டோம் என்று தீர்மானம் எழுதி வையுங்கள். மக்தபிலும் பள்ளியிலும் விடுதியிலும் 1098 என்ற எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி மாட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஜும்ஆ பயானில் இச்செய்தி இடம்பெறட்டும். குற்றம் சாட்டப்பட்டவரையும் தீர்ப்பு வருமுன் ஊர் தண்டிக்க வேண்டாம். விசாரணை முடியும்வரை பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைத்தால் போதும்.

தாய்மார்களே! உங்கள் பிள்ளை ஒன்றைச் சொல்ல வந்து பாதியில் நிறுத்தினால், அடுப்பை அணைத்துவிட்டு அருகில் அமருங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையாயினும் அவ்வாறே செய்யுங்கள். குழந்தைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். அந்த அமானிதத்தைப் பற்றி நாளை மறுமையில் கேட்கப்படும்போது, 'ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தேன்' என்ற பதில் அங்கே எடுபடுமா?

சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய விதத்தில் சொல்லும் துணிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம் பிள்ளைகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.